அணுகுண்டின் முதுகில் சீன பாஷை

எந்த மொழியும் எனக்கு ஒரே மாதத்தில் வந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம், என் முதலாளியும் அதை நம்பினார்.

இரண்டாயிரங்களின் நடுவில், சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மேனேஜராக இருந்தேன். முதலாளி அண்ணாச்சி ஒரு நாள் கூப்பிட்டார்.

"ஏலே, பழைய மெஷின் இந்த சீசன் தாங்காது. புதுசு வரலைன்னா ஆர்டர் பூராம் பக்கத்து பிரஸ்ஸுக்குப் போயிரும். சைனாவுக்குப் போறோம். அவுக பாஷைய நீதான் பேசணும். முடியுமாலே?"

"ஒரு மாசம் போதும் அண்ணாச்சி" என்றேன். (வாயை யார் அடக்குவது?)

மதுரையில் புத்தகமும் சிடியும் வாங்கினேன். 'நி ஹாவ்' வணக்கம். 'ஷியே ஷியே' நன்றி. 'ஹென் ஹாவ்' ரொம்ப நல்லாயிருக்கு. பிரஸ் முழுக்க இந்தக் காய்ச்சல் பரவியது. பைண்டிங் பிரிவு மாரியக்கா டீ வாங்கும்போதே "ஷியே ஷியே" என்பார்.

"அங்கன சோறு கெடைக்குமான்னு கேக்கப் படிச்சுக்கிட்டீகளா சார்?" என்று வேறு கவலைப்பட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அறுபது சீன வாக்கியங்களை அறுபது அட்டைகளில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அட்டையைக் கடையிலா வாங்குவான் சிவகாசிக்காரன்? கலர் பிசகிய லேபிள்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை, சேவு மடிக்கக் காகிதம், எல்லாம். அந்த வாரம் வேஸ்ட்டில் போனது அணுகுண்டு வெடி லேபிள். வெள்ளையான பின்பக்கத்தில் எழுதினேன். முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த படம்தானே!

சீன விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறந்து அந்த அட்டைக் கட்டை எடுத்தார். அறுபது குண்டுகள். அறுபதிலும் திரி எரிகிறது. கீழே இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் 'ஆட்டம் பாம்'. முதுகில் அவருக்குப் புரியாத எழுத்து. குண்டைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார்.

ஒரு நிஜச் சீனர் என்னிடம் சீனத்தில் பேசுகிறார்! எனக்குப் புல்லரித்தது. கட்டைவிரலை உயர்த்தி, முகமெல்லாம் பல்லாக, "ஹென் ஹாவ்!" என்றேன்.

ஆறு பேர் ஓடிவந்தார்கள்.

"என்னலே சொன்ன?" என்றார் அண்ணாச்சி, எங்களை ஓர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது.

"நல்லாயிருக்குன்னு சொன்னேன் அண்ணாச்சி."

"எதைலே?"

அப்போதுதான் அதிகாரி கையிலிருந்த அட்டையின் முன்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். மெஷின் கம்பெனிக் கார் வெளியே காத்திருந்தது. அது போய்விட்டால் சீசனும் போச்சு, என் மேனேஜர் வேலையும் போச்சு.

இங்கிலீஷ் தெரிந்த ஓர் அம்மாள் வந்து ஒவ்வோர் அட்டையாக வாசிக்கச் சொன்னார். வியர்வை வழிய வாசித்தேன். "கழிப்பறை எங்கே?" "நான் மாமிசம் சாப்பிட மாட்டேன்." "விலையைக் குறையுங்கள்." இருபதாவது அட்டையில் அதிகாரியின் உதடு துடித்தது. முப்பதாவதில் அறையே சிரித்தது. என் உச்சரிப்பு அப்படி.

மூன்று மணி நேரம் கழித்து எங்களை வெளியே விட்டார்கள். அட்டைகளைத் தரவில்லை. நல்லவேளை, கார் நின்றிருந்தது. ஆனால் மெஷின் கம்பெனிக்குப் போனபோது பயத்தில் ஐம்பத்தொன்பது வாக்கியங்கள் மறந்துபோயிருந்தன. அவர்கள் எதைக் காட்டினாலும் "ஹென் ஹாவ்" என்றேன். அண்ணாச்சி முறைத்தார். அவர்கள் அகமகிழ்ந்துபோனார்கள்.

மெஷின் சீசனுக்கு முன்பே வந்து சேர்ந்தது. பிரஸ்ஸில் அதற்குப் பெயரே ஹென் ஹாவ்தான்.

இன்றும் நான் லீவு லெட்டர் நீட்டினால் அண்ணாச்சி படிப்பதில்லை. முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார்.

"குண்டு ஏதும் இல்லையேலே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஹென் ஹாவ்" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.