கிறுக்கு அண்ணாச்சி போட்ட கோடு

தூத்துக்குடியில் ரசத்துக்காகக் கல்யாணத்தையே நிறுத்தத் துணிந்த ஒரே மனிதர் கிறுக்கு அண்ணாச்சிதான். கண்ட இடத்தில் கிறுக்குவார், அதனால் வந்த பெயர். ஊருக்கு அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலைக்கடை வைத்திருந்தவர். வலைக்கு அடியில் கட்டும் ஈயக்குண்டு விற்றே தலை நரைத்தவர். கடையை மகன் கையில் கொடுத்தபிறகு அவருக்கு ஒரே வேலை. சம்பந்தி பந்திக்கு ஈயச்சொம்பு ரசம் என்று இப்போது ஒரு மோஸ்தர் கிளம்பியிருக்கிறதே, அந்தச் சொம்பைத் தூக்கி, வெள்ளையாக எது அகப்படுகிறதோ அதில் தேய்ப்பார். கறுப்புக் கோடு விழுந்தால் ரசம் சாக்கடைக்குப் போகும். சுவரில் தேய்ப்பார், கல்யாணப் பத்திரிகையில் தேய்ப்பார். ஒருமுறை சம்பந்தியின் வெள்ளை வேட்டியிலேயே தேய்த்துவிட்டார். சம்பந்தி அடிக்கப் பாய்ந்தார்.

"வேட்டிய வெளுத்துக்கிடலாம் வே. கொடல எங்கன கொண்டுபோயி வெளுப்பீரு?" என்றார் அண்ணாச்சி.

அவருடைய கோபமெல்லாம் ஒரு சொல்லின் மேல்தான். ரசச்சொம்புக்கு வெள்ளீயம், வலைக்குக் காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லித் தொலைக்கிறோம். கறுப்புக் கோடு போடுவது காரீயம்தான், அது விஷம். பழைய வலைக்குண்டை உருக்கிச் சொம்பு வார்த்து, பாரம்பரியம் என்று பெயரும் வைத்து விற்கிறான் ஒருத்தன். கேட்டால், ஈயம்தானே அண்ணாச்சி என்கிறான். நாசமாய்ப் போக! நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. சாப்பிட மாட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பூச்சி மருந்து கொடுத்தோம், திருஷ்டி கழித்தோம், மணப்பாடு கோயிலுக்கும் நேர்ந்துகொண்டோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முத்தையாபுரத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். அண்ணாச்சி அழைக்காமலே வந்தார். அடுக்களைப் பாத்திரம் அத்தனையும் தேய்த்துப் பார்த்தார், ஒன்றிலும் கோடு விழவில்லை. முகம் தொங்கிப்போய்த் திரும்பியவர், கூடத்து மூலையில் சொப்பு வைத்துச் சோறாக்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். என் அக்கா சின்ன வயதில் விளையாடிய ஈயச் சொப்பு அது. பத்திரமாக வைத்திருந்து, புளி போட்டுத் துலக்கி, என் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தாள். அதிலிருந்த குட்டிக் கரண்டியை மகள் வாயிலிருந்து எடுக்கவே மாட்டாள்.

அண்ணாச்சி அந்தக் கரண்டியைப் பிடுங்கி, புதுச் சுண்ணாம்புச் சுவரில் ஒரே இழுப்பாக இழுத்தார். பென்சிலால் கோடு போட்டதுபோல் இருந்தது. பிள்ளை வீறிட்டது. வந்திருந்தவர்கள் முன்னால் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் இதுலதான் வெளையாடுனேன். நல்லாத்தான இருக்கேன்?"

"ஏளா, நீ நல்லாருக்கேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

கூடமே குலுங்கிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பாருல. இன்னைக்கே."

பார்த்தோம். ரத்தத்தில் காரீயம் இருந்தது. முதலில் அந்தச் சொப்பைக் கண்ணில் படாமல் ஒழியுங்கள் என்றார் டாக்டர். அப்புறம் மருந்து, மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை. மகள் மெல்ல மெல்லத்தான் தேறினாள். அக்கா அழுது தீர்த்தாள். ஊர் என்ன பேசியது தெரியுமா? நல்ல காரியம் நடந்த வீட்டில் கிழவன் சுவரைப் பாழாக்கிவிட்டான் என்று பேசியது. சொம்புக்காரன் இப்போது செல்போனில் படம் போட்டு விற்கிறான், ஜனங்கள் இதயம் இதயமாகப் போட்டு வாங்குகிறார்கள். இதில் யாருக்குக் கிறுக்கு?

போன மாதம் அக்கா மகன் கல்யாணம். சம்பந்தி பந்தியில் அண்ணாச்சி ரசச்சொம்பைத் தூக்கிவிட்டார். சொம்பும் கையுமாக அங்குமிங்கும் பார்த்தார். மண்டபத்துச் சுவரெல்லாம் கலர் பெயிண்ட். வெள்ளை வேட்டிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். நான் எதிரே போய் நின்று, என் புது வேட்டியை விரித்துப் பிடித்தேன்.

"இதுல கிறுக்குங்க அண்ணாச்சி."

அந்த வேட்டியை நான் இன்னும் வெளுக்கப் போடவில்லை.