பொலிஷ் போட்ட தரையும் போனில் வந்த மிஸ்ஸும்

மஹய்யாவ,
செவ்வாய்க்கிழமை

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த சஞ்சீவனி அக்காவுக்கு,

உங்கள் சித்தப்பா மகன் ஜனார்த்தனன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கொழும்பு வெள்ளவத்தையில் நீங்களும் மச்சானும் நலமாயிருக்க வேண்டும். முதலில் ஒரு மரண அறிவித்தல். எனது கைத்தொலைபேசியின் கண்ணாடி, கடந்த ஞாயிறு முற்பகல், உங்கள் அப்பா வீட்டு முன்னறையில் குப்புற விழுந்து அகால மரணமடைந்தது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன். உற்றார் உறவினர் எவரும் அழவில்லை. ஆகவேதான் வட்ஸ்அப்புக்குப் பதிலாக முத்திரை ஒட்டிய கடிதம்.

அக்கா, எனக்கு அலுத்துப் போச்சு. நீங்க என்ன சொன்னீங்க? "தெரபி பண்ற நுஸ்ஹா மிஸ் கொழும்பில இருந்தே வீடியோவில வீட்டைப் பார்ப்பாங்க. அப்பா எங்கெங்க தடுக்கி விழலாம்னு சொல்லுவாங்க. நீ போனைப் பிடிச்சா போதும்." தொழில் மிஸ்ஸுக்கு, நுட்பம் போனுக்கு, கைவலி மட்டும் எனக்கு. சரின்னேன். ஆனா எங்க அம்மாவுக்கு விளங்கினது ஒண்ணே ஒண்ணுதான்: கொழும்பு மிஸ் நம்ம வீட்டைப் பார்க்கப் போறாங்க. "போன்ல வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான்டா"ன்னு சனிக்கிழமை முழுக்கத் தீபாவளி வேலை. சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால தேய்ச்சதுல பெரியப்பாவோட வழுக்கையே பொறாமைப்படுற மாதிரி ஒரு வழுக்கல். குளியலறை வாசல்ல கிடந்த சாக்கு கொல்லைக்குப் போச்சு, பக்கத்து வீட்டுப் பாலம்மா அக்காவோட பூப்போட்ட கம்பளம் முன்னறைக்கு வந்துச்சு. பெரியப்பா கட்டில்ல இருந்து குளியலறை வரைக்கும் ஒவ்வொண்ணாப் பிடிச்சுக்கிட்டு நடப்பாரே, அந்தக் கயிறு கட்டின பழைய கதிரைகள், அதுகளும் பின்பக்கம்.

"புஷ்பம், என் கதிரை எங்கம்மா?"ன்னு பெரியப்பா அம்மாகிட்டக் கேட்டார்.

"மிஸ் போனதும் வந்துரும் அத்தான். சும்மா இருங்க."

ஞாயித்துக்கிழமை மிஸ் வீட்டைப் பார்த்ததும், "மாஷா அல்லாஹ், நல்ல பளபளப்பு. ஆனா இதுல யாரு நடக்குற?"ன்னாங்க. அம்மா முதல் பாதியை மட்டும் கேட்டு வெட்கப்பட்டாங்க. பிறகு மிஸ், "அங்கிள், வழமையா பாத்ரூமுக்குப் போற மாதிரி நடங்க"ன்னாங்க. பெரியப்பா கையை நீட்டினார். கதிரை இருந்த இடத்துல காத்து. அடுத்ததுக்கும் நீட்டினார், அங்கயும் காத்து. நான் அவரைப் படம் பிடிச்சுக்கிட்டே முன்னால பின்னோக்கி நடந்தேன். கம்பளம் ஒரு பக்கம் ஓடுச்சு, போன் ஒரு பக்கம் பறந்துச்சு. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சது கூரைத் தகரம், கேட்டது "தொம்".

"யா அல்லாஹ், யாரு விழுந்த?"

"நான்தான் மிஸ், ஒண்ணுமில்ல" என்றது பெரியப்பாவோட குரல்.

ஒரே பாய்ச்சல்ல போய் அவரை ஒத்தைக் கையால தூக்கி நிறுத்தினேன் அக்கா. எங்க பாடசாலை ரக்பி அணியில மழைச் சேத்துலயே வழுக்காத கால் என்னுடையது.

மிஸ் "ஒருமுறை விழுந்தார்"னு எழுதி அனுப்பிட்டாங்க. நீங்க அம்மாவுக்குப் போன் எடுத்து, மாசக் கடைசியில அப்பாவை வெள்ளவத்தைக்கே கூட்டிட்டுப் போறேன்னுட்டீங்க. அன்னியில இருந்து பெரியப்பா ரெண்டு சட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், திரும்ப மடிக்கிறார். நேத்து கேட்டார்: "உங்க அக்கா வீட்டுல காலையில கதவைத் திறந்தா யார்டா தெரிவாங்க?"

"எதிர் பிளாட்டுக் கதவு, பெரியப்பா."

"ஓ. அது திறக்குமா?"

அக்கா, அது திறக்குமா? உங்களுக்குத் தெரியுமா?

தரையை ரெண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டேன். கதிரைகள் பழைய இடத்துக்கு வந்தாச்சு. கம்பளத்தைப் பாலம்மா அக்கா வாங்கிட்டு, என்னை முறைச்சுட்டுப் போனாங்க. மிஸ்ஸை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க, அம்மாவோட போன்ல. யாராயிருந்தாலும் ஒரு தடவை விழுறது சகஜம்தானே?

கட்டுக்கலைப் பிள்ளையார் உங்களையும் மச்சானையும் குறைவில்லாமல் காக்கட்டும். நேரமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
ஜனார்த்தனன்

பி.கு: அக்கா, விழுந்தது பெரியப்பா இல்ல. நான். தூக்கினவர் அவர், ஒரு கையால கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு. ரக்பிக்காரன் விழுந்தான்னா ஊர் சிரிக்கும்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். அதுக்காக அவரை வீட்டை விட்டே கிளப்புவாங்கன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் அவர் வாயைத் திறக்கல, நானும் மேல இப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன். விழுந்தவங்களைத்தான் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகணும்னா நான் வர்றேன். மெத்தை வெச்ச கதிரை ஒண்ணு வேணும், இன்னும் சரியா உட்கார முடியல.