மாரடிக்கிற வேலை

"இந்தப் பாட்டிலோட மாரடிச்சே என் ஆயுசு முடிஞ்சிடும்டி!" என்று போனில் மனைவியிடம் கத்திவிட்டுத் திரும்பினால், முதலாளியம்மா வாசலில் நிற்கிறார்.

அவன் அவசரமாகப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். தேதி தப்பாக ஒட்டிய ஜாம் பாட்டில்களிலிருந்து லேபிளைச் சுரண்டி எடுக்கும் தற்காலிக வேலை அவனுடையது. சுரண்டிச் சுரண்டி அவன் பேரே 'நகம்' என்றாகிவிட்டது. நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்பது இன்று மாலை தெரியும். இதை நம்பித்தான் மாமனாரிடம் வீறாப்பாகப் பேசிவிட்டுத் தனிக்குடித்தனம் வந்திருந்தான்.

"மாரடிக்கிறதுன்னா என்னப்பா?" என்றார் முதலாளியம்மா. வெளிநாட்டில் வளர்ந்தவர், பாதித் தமிழ் புரியாது என்று அங்கே பேச்சு.

அவன் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டான். "ஆசை ஆசையா வேலை செய்யறதும்மா. மார் தட்டிக்கிட்டு, பெருமையா!"

"அடடா! வேற எப்படியெல்லாம் சொல்லுவீங்க?"

"பொண்டாட்டியோட மாரடிக்கிறான்னு சொல்லுவோம். அந்நியோன்னியமான தம்பதின்னு அர்த்தம்."

போன் இன்னும் அணைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றது அது.

"இவ்வளவு ஆசையா செய்யறவருக்குக் குறை வைக்கலாமா?" முதலாளியம்மா கைதட்டினார். குடோனிலிருந்து இன்னொரு லாரிச் சரக்கு வந்து அவன் மேஜையைச் சுற்றி இறங்கியது.

"அம்மா, மத்தவங்களுக்கும் கொஞ்சம் பங்கு..."

"அவங்களுக்கு உங்க அளவு ஆசை இல்லையேப்பா."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து அறையில் வாடிக்கையாளர் புகார் போன் ஓயாமல் அடித்தது. அதற்கு உட்கார்ந்திருந்தவன் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தான்.

மதியம் பெரிய கடைக்காரர் ஒருவர் வந்தார். முதலாளியம்மா அவரை நேராக அவனிடமே அழைத்து வந்தார்.

"சார், இவர் உங்களோடதான் மாரடிக்கிறார்!"

கடைக்காரர் முகம் சிவந்தது. "என்னது?"

தொலைந்தது வேலை. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உங்க சரக்குன்னா எனக்குத் தனிக் கவனம்னு அம்மா அவங்க பாணியில சொல்றாங்க சார். லேபிள் இம்மி கோணினாலும் உரிச்சுட்டுப் புதுசு ஒட்டிடுவோம். உங்க பேர் கெடலாமா?"

கடைக்காரர் குளிர்ந்துபோய் அவன் தோளைத் தட்டினார். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆர்டரும் கொடுத்தார். அவன் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

மாலையில் முதலாளியம்மா கூப்பிட்டார். "நீங்க நிரந்தரம். இனிமே பாட்டில் வேண்டாம். நாளையிலிருந்து புகார் போனை நீங்க பார்த்துக்கங்க."

நிரந்தரம் என்ற சொல்லில் துள்ளிய மனம், போன் என்றதும் பொத்தென்று விழுந்தது. வெளியே வந்தவனுக்கு டீ கொண்டுவரும் அக்கா ஒரு டம்ளரை நீட்டினாள்.

"புகார் போன்தானே தம்பி?"

"எப்படிக்கா தெரியும்?"

"அம்மா இருபது வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவங்க. பாட்டில் சுரண்டுற எல்லார்கிட்டயும் மாரடிக்கிறதுன்னா என்னன்னு தெரியாத மாதிரி கேப்பாங்க. உண்மையைச் சொன்னா ஸ்டோர்ல ஃபேனுக்குக் கீழே வேலை, கூசாம புளுகினா புகார் போன்."