ஈயத்தில் இறங்கிய கட்டி

நாரின் என்ற மலையூரில் அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டே இடத்தில்தான் கூட்டம். ஒன்று ரொட்டிக் கடை. இன்னொன்று வைத்தியம் பார்க்கும் உம்சுனாய் அம்மா வீடு. ரொட்டிக்காவது முண்டியடித்தார்கள். இங்கே கைகட்டி நின்றார்கள்.

மார்பில் கட்டியா? அம்மா போர்வையால் மூடி உட்கார வைப்பார். தலைக்கு மேல் கிண்ணத்தில் பனித் தண்ணீர். அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். சொய்ங்! ஈயம் திரண்டு கிடக்கும். "பாரு, கட்டி இதுல இறங்கிடுச்சு!" கொதிக்கிற ஈயம் குளிர்ந்த நீரில் திரளாமல் வேறென்ன செய்யும்? கேட்க ஆளில்லை.

அதே ஊர் சைக்கால் என்ற பெண்ணுக்கும் அப்படித்தான் இறங்கியது. அதற்கு முன்பே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஓரம் வழவழன்னு இருக்கு. அநேகமா சாதுவான கட்டிதான். வெட்ட வேணாம். ஆனா ஆறு மாசத்துல கண்டிப்பா வந்து காட்டணும்."

அந்த 'அநேகமா' சைக்காலின் தூக்கத்தைத் தின்றது. உம்சுனாயிடம் அநேகமா கிடையாது. ஓர் ஆட்டைக் கொடுத்தால் முழுசாகப் போய்விடும்.

"கையில இன்னும் தட்டுப்படுதேம்மா?"

"அது கட்டி இல்லடி, கட்டியோட நிழல். திரும்ப மிஷின் பக்கம் போனே, நிழலுக்கு உயிர் வந்துடும்."

ஆறு மாதம் ஆனது. சைக்கால் ஸ்கேனுக்கு அசையவில்லை. நாத்தனார் ஜூரா கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில், "சரி அண்ணி, ஸ்கேன் வேணாம். தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு ஈயம் ஊத்தணும், கூட வாங்க" என்றாள்.

உம்சுனாய் வீட்டு வாசலில் அவள் மருமகன் ஒவ்வொருவரையும் விசாரித்தான்: "ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?"

"ஓரமெல்லாம் முள்ளுமுள்ளா இருக்காம்," என்றாள் முன்னால் நின்றவள்.

"அம்மாவுக்கு இன்னிக்கு உத்தரவு வரல. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எங்களுக்கு வழவழன்னுதான்," என்றாள் ஜூரா.

"உள்ள வாங்க, உள்ள வாங்க!"

ஜூராவோடு வந்த, தலை முதல் கால்வரை சால்வை போர்த்திய உருவம் வந்து குந்தியது. "புது மருமக. பெரியவங்க முன்னாடி வாய் திறக்க மாட்டா," என்றாள் ஜூரா. உம்சுனாய்க்குப் பரம திருப்தி. நல்ல குடும்பத்துப் பெண்!

சொய்ங்!

"இடது மார்பு! ஓரகத்தி கண்ணு. எடுத்தாச்சு! அடுத்த வருஷம் இரட்டைப் பிள்ளை. பால் பொங்கும்!"

"எனக்கா?" என்றது சால்வை, கட்டைக் குரலில்.

சால்வை விலகியது. முதலில் மீசை வந்தது. பின்னாலேயே சைக்காலின் புருஷன், லாரி ஓட்டும் துர்துபெக்.

"ஷைத்தான்! ஷைத்தான் உருவத்தை மாத்திட்டான்!" என்று அலறினாள் உம்சுனாய்.

"அப்போ அண்ணன் மீசையையும் ஈயத்துல இறக்கிடுங்க," என்றாள் ஜூரா.

அறையே சிரித்தது. சைக்கால் சிரிக்கவில்லை. "அப்போ என்னோடது?" என்றாள். உம்சுனாய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வாசல்லயே கேட்டீங்களே அண்ணி! முள்ளுன்னா ஆபத்தான கட்டி, உள்ளயே விடல. சும்மா கிடக்கிற கட்டிக்குத்தான் இங்க வைத்தியம்."

அன்று மாலையே ஸ்கேன். டாக்டரம்மா திரையைத் தேடித் தேடிப் பார்த்தார். "அப்படியே இருக்கு. வளரல. இன்னும் ஆறு மாசத்துல வாங்க."

"இப்பவும் அநேகமாத்தானா?"

"அநேகமாத்தான். அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

அன்றைக்கு சைக்கால் நன்றாகத் தூங்கினாள்.

ஊரிலேயே ஸ்கேனை முழுசாக நம்பியவள் உம்சுனாய் ஒருத்திதான். அதைக் கேட்காமல் அவள் ஈயத்தை அடுப்பில் வைத்ததே இல்லை. அந்தப் புத்தியில் பாதி, அவளிடம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கு இருந்திருக்கக் கூடாதா?