தெற்கு பார்த்த பம்பு

சாமியை நம்பி நான் கெட்டதில்லை. குழாய் வேலையில் சாமியை இழுத்துவிட்டதுதான் தவறு. (ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன். இந்தத் தவறுக்கு அந்தப் படிப்பே போதும்.)

எண்பதுகளின் தொடக்கம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்து, நெஞ்சில் சளியோடு ஓய்ந்த அப்பாவைக் குனோங் ராபாட்டில் இருந்த என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். விடியலில் குளிக்காமல் சாமி கும்பிட மாட்டார். ஹீட்டர் பின்பக்க அடுப்படியில், அவருடைய குளியலறை முன்பக்கம். குழாயில் ஆறிக்கிடந்த தண்ணீர் இரண்டு வாளி போன பிறகுதான் சூடு வரும். வீணாக்க மனமில்லாமல் அதையும் தலையில் ஊற்றிக்கொள்வார். இருமல் தெருமுனைவரை கேட்கும்.

மலைமேல் ஓட்டலில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பி மணியம், பழைய பம்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். ஆறிய தண்ணீரை அது இன்னொரு குழாய் வழியே ஹீட்டருக்கே திருப்பி அனுப்பும். குழாயைத் திறந்ததும் சூடு வரும்.

"மச்சான், இந்த அம்புக்குறி ஹீட்டரப் பாத்துதான் இருக்கணும். கை வச்சிராதீங்க லா," என்று சொல்லிவிட்டு, மலைக்குத் திரும்பத் தாப்பா பஸ் ஏறினான்.

ஹீட்டர் இருந்தது தெற்கே. எமன் திசை. நெஞ்சு நோவுக்காரர் இருக்கும் வீட்டில் அம்பு அங்கேயா காட்டுவது? பம்பைக் கழற்றி வடக்கே திருப்பி மாட்டினேன். சந்தனம், குங்குமம், கற்பூரம், ஒரு தேங்காய். பம்பு உறுமியது. பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் கைகூப்பினார்கள்.

அப்பா குளிக்கப் போனார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றேன் கதவுக்கு வெளியே நின்று.

"நல்லா சூடா இருக்குப்பா."

குரல் நடுங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்களெல்லாம் பின்பக்கத் தொட்டியில் மொண்டு குளிப்பவர்கள். அந்தக் குழாயைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் அப்பாவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருடைய துண்டை அலச அன்றுதான் சுடுநீர்க் குழாயைத் திறந்தேன். ஐஸ். ஹீட்டருக்குள் போகவேண்டிய பச்சைத் தண்ணீரை என் பம்பு நேரே அவர் தலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஏம்பா சொல்லல?" என்றேன் கட்டிலருகே.

"தேங்காலாம் ஒடச்சியே. எல்லாரும் பாத்தாங்க. எப்டிப்பா சொல்றது?" மூச்சு வாங்கினார். "முன்னாடி ரெண்டு வாளிக்கப்புறமாச்சும் சூடு வரும். ஒன் பம்பு அதயும் நிப்பாட்டிருச்சு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மணியம் வந்து பம்பைத் தெற்கே திருப்பினான். அப்பா அந்தச் சுடுநீரில் குளித்தது மூன்றே மாதம்.

இன்றும் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போனால், யாராவது ஒருவர், "நல்லா சூடா இருக்குப்பா," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான்.

அப்பாவின் திவசத்தன்று படையலில் வைக்கும் காப்பியை மட்டும், விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.