கேள்வி கேட்காத டிஸ்க்

கம்ப்யூட்டரின் சிடி தட்டு வெளியே வந்ததும் கிளெம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் செயலாளராக இருக்கும் கிளப்பின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது அவரே தயாரித்த டிஸ்க். அடிலெய்டில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிய அவசரத்தில் எடுக்க மறந்திருக்கிறார். மூன்று வாரம்!

அது உள்ளே இருக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டால் போதும். இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, வாங்கிய அன்று இருந்தபடி ஆக்கிவிடும். முதலில், "அழிக்கலாமா?" என்று கேட்கும்படிதான் செய்திருந்தார். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் அந்த பவுல்ஸ் கிளப் ஆட்களோ, அதற்கு என்ன பதில் சொல்வதென்று கேட்டு, அவர் மீன்பிடிக்கப் போன இடத்துக்கெல்லாம் போன் போட்டார்கள். கடுப்பில் கேள்வியையே எடுத்துவிட்டார். அந்தச் சாமர்த்தியத்தை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதும் அவர்தான்.

கிளப்பின் மூத்த உறுப்பினரான பெரில் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. தினமும் காலை பத்து மணிக்கு வந்து, கிளப்பின் எழுபத்தைந்து வருடக் கதையை ஒற்றை விரலால் தட்டுகிறார். இன்று தட்டியது நாளைக் காலையில் காலி. ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லையே! எழுதியதே மறந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார் கிளெம்.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை அவசரமாக ஏற்றினார். அதற்குள் வாசலில் பெரிலின் குரல்.

"வந்துட்டியா கிளெம்? மக சௌக்கியமா?"

பதறிப்போய் தட்டை டிஸ்க்கோடு உள்ளே தள்ளினார். மென்பொருள் வேலையை முடிக்கத் தானாகவே கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டது. டிஸ்க் விழித்துக்கொண்டது. எதுவும் கேட்கவில்லை.

"ஐயையோ!" என்று மின்சார வயரைப் பிடுங்கினார். பாதியில் நின்ற கம்ப்யூட்டர் அதன்பின் உயிர் பெறவே இல்லை. அதை எழுப்ப ஒரே வழிதான் இருந்தது. மீட்க மிச்சமிருந்ததையும் அழிக்கப்போகும் அந்த டிஸ்க்கை ஓட விட்டார், தெரிந்தே.

"பெரில்... நீங்க எழுதினது எல்லாம் போச்சு. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

"அட, அதுக்கா இப்படி நிக்கறே? முதல்லேருந்து ஆரம்பிச்சாப் போச்சு. நகரு, நாற்காலியை விடு."

பெரில் முதல் வரியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூட தேவலை. கிளெமுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கிளப்பின் மது பாருக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே வேலை பார்க்கும் ட்ரூடி கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செயலாளர் பதவியை விட்டுடறேன் ட்ரூடி. அந்த மனுஷி மூணு வாரம் கஷ்டப்பட்டதை, மறந்து வச்ச ஒரு டிஸ்க்கால நாசம் பண்ணிட்டேன்."

ட்ரூடி குரலைத் தாழ்த்தினாள்.

"நீ ஊருக்குப் போன மறுநாளே அதை எடுத்து அவங்க கையில குடுத்துட்டேன் கிளெம். தினமும் கிளம்பறப்போ அதைத் திரும்ப உள்ள வைக்கறது அவங்கதான்... புத்தகம் முடிஞ்சிட்டா காலையில எங்க போறதுன்னு கேட்டாங்க."