ஹனீப் பாய் மாடியில் அடர்ந்த புதர்

வரைபடத்தின் நானூற்றுப் பதினேழாம் திட்டைப் பற்றிய கேள்வி வந்தபோது விஜயராணி ஐரோலி ஆபீசில் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. திரையின் ஓரத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது. தாராவியின் நட்டநடுவில் அடர்ந்த புதரா, நேரில் பார்த்தீர்களா என்று அதில் கேட்டிருந்தது. கீழே மகாதேவன் என்று பெயர்.

மகாதேவன்தான் எல்லோருடைய வேலையையும் சரிபார்ப்பவர். மாட்டுங்காக்காரர், ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம். அவர் வாய் திறந்து பேசி ஆபீசில் யாரும் கேட்டதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சிவப்புக் கட்டத்திலேயே சொல்லிவிடுவார். அந்தக் கட்டத்தில் நல்ல சேதி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தது மும்பையின் பச்சை வரைபடம். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் திட்டுத் திட்டாகப் பிரித்து, இது சதுப்பு மரம், இது புல், இது புதர் என்று பெயர் எழுதிவிடும். எங்கே நரி இருக்கும், எங்கே பூநாரை இறங்கும் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் பிறகு குறிப்பார்கள். கம்ப்யூட்டர் சமர்த்துதான். ஆனால் பச்சையாக எதைக் கண்டாலும் செடி என்று நம்பிவிடும். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் காயப்போட்ட பச்சைக் கம்பளத்தைப் புல்வெளி என்று எழுதியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு திட்டையும் ஒரு மனுஷர் போய்ப் பார்த்து டிக் போட வேண்டும். மாஹிம் கழிமுகத்திலிருந்து மாட்டுங்கா வரைக்குமான வரைபடத் தாளை விஜயராணிக்குக் கொடுத்ததே அவள் தாராவிக்காரி என்பதால்தான்.

அவள் ஒன்றும் வேலையில் ஏமாற்றுகிறவள் இல்லை. மித்தி ஆற்றங்கரைச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, ஒரு ஜோடிச் செருப்பை அங்கேயே காணிக்கையாக விட்டுவிட்டு வந்தவள். ஆனால் தாராவி வந்தபோது மட்டும், பிறந்து வளர்ந்த இடத்தை எவளாவது போய்ப் பார்ப்பாளா என்று, இருந்த திட்டுகளை மொத்தமாகப் பிடித்து 'நேரில் பார்த்தது' என்று டிக் போட்டுவிட்டாள். அந்தக் கும்பலில் 417 பதுங்கியிருந்தது அவள் கண்ணில் படவே இல்லை.

பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் நாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருப்பவள். வருஷா வருஷம் மார்ச் மாசம் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டால் போய்ப் புது அட்டை வாங்க வேண்டும். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று அந்த ஒரு நாள் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தத் தாள் தப்பில்லாமல் வந்தால் வேலை நிரந்தரம் என்று ஆபீசுக்குத் தலைமையான கேல்கர் மேடம் சொல்லியிருந்தாள். இந்த நேரத்தில் பார்க்காமல் டிக் போட்டவள் என்று பெயர் வாங்கலாமா? "பார்த்தேன், இருக்கிறது" என்று அடித்து அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். ரசம் சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சயானில் ரயிலை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே திட்டைத் தேடிப் போனாள். போன் கொண்டுபோய் நிறுத்திய இடம் முகம்மது ஹனீப்பின் பை தைக்கிற பட்டறை. ஹனீப் பாய் அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர், மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த சூட்கேஸ்கள், நாலு பிளாஸ்டிக் டிரம், ஒரு நீலத் தார்ப்பாய். மருந்துக்கு ஒரு இலை கிடையாது.

"பாய், முன்னால இங்க பச்சைத் தார்ப்பாய் எதும் கெடந்துச்சா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து நீலந்தான் தங்கச்சி. ஏன், பச்சை வேணுமா?"

கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திட்டிக்கொண்டே அவள் இறங்கினாள்.

அடுத்த வாரம் இரண்டாவது கட்டம் வந்தது. புதர் என்றால் என்னென்ன செடி, பெயர் எழுதவும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் ஒரு பொய்க்குப் பதில் இரண்டு பொய்யாகிவிடுமே. முருங்கை, செம்பருத்தி, கற்பூரவல்லி, பூசணி என்று எழுதினாள். எல்லாம் அவள் குடியிருந்த சந்தில் பழைய பெயிண்ட் டப்பாவில் வளர்பவை. எழுதி முடித்ததும் மனசு குத்தியது. எழுதினது எழுதியாகிவிட்டது, அதை உண்மையாகவாவது ஆக்கிவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

மாடியில் செடி வைக்க ஹனீப் பாய் லேசில் சம்மதிக்கவில்லை. காடு என்று எழுதிவிட்டால் நாளைக்குச் சர்க்கார் வந்து பட்டறையைக் காலி பண்ணச் சொல்லுமே என்று அவருக்குப் பயம். காடு இல்லை பாய், வெறும் புதர்தான் என்று அவள் சத்தியம் செய்தாள். புதர் என்றால் பாம்பு வருமே என்றார். பிறகு அவள் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். மார்ச் மாசத்து ஒரு நாளைப் பற்றியும் சொன்னாள். உடனே பாய் சூட்கேஸ்களை ஓரம் கட்டச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார்.

சந்துக்காரர்களிடம் டப்பா வாங்குவது அதைவிடப் பெரிய பாடு. ஆளுக்கொரு நிபந்தனை. முருங்கைக் கீரை பறிக்கும் உரிமை தன்னிடமே இருக்கும் என்றாள் ஒருத்தி. அடுத்த வீட்டு மீனாட்சியம்மாள் தன் செம்பருத்தி இரண்டையும் தந்தாள். ஆனால் விடிகாலையில் மாடியேறி வந்து சாமிக்குப் பூப் பறித்துக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டாள். குழாயில் தண்ணீர் வருகிற ஒன்றரை மணி நேரத்தில் செடிக்கு யார் தூக்குவது என்று சண்டை வந்தது. ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் அந்தச் சண்டை தானாகவே தீர்ந்தது.

மழை என்றால் அப்படி ஒரு மழை. பூசணிக்கொடி டிரம்மில் ஏறி, தார்ப்பாயில் படர்ந்து, பக்கத்துப் பட்டறையின் தகரத்துக்கும் போய்விட்டது. யாரோ வேரோடு எறிந்த பசலை ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் முளைத்தது. தண்ணீர் கசிந்து தோல் ஊறுகிறது என்று ஹனீப் பாய் ஒரு மாசம் புலம்பினார். மழை விட்டு வெயில் ஏறியபோதுதான், மாடிக்கு நேர் கீழே தைக்கிற ஆட்கள் குளுமையாக இருக்கிறதென்று விசிறியைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவரே காலையில் ஏறி இலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

விஜயராணியும் வேலை விட்டு வந்து அங்கே உட்காருவாள். வரைபடத்தில் ஒவ்வொரு வாழிடத்துக்கும் ஒரு நிறம் உண்டு. தண்ணீர், தீனி, ஒதுங்க இடம் மூன்றும் இருந்தால் அது வாழிடம் என்று விதி எழுதியிருக்கிறது. நரிக்கு ஒரு நிறம், கொக்குக்கு ஒரு நிறம். அவள் சந்து மட்டும் சாம்பல் நிறத்தில் 'பிற' என்று கிடக்கும். நாலு வருஷமாக அதைத் தினம் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அந்தச் சாம்பலில் ஒரு பொட்டுப் பச்சையைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அது பொய்ப் பச்சை என்பதை நினைத்தால் துக்கமாகவும் இருந்தது.

செப்டம்பரில் மூன்றாவது கட்டம். அங்கே பறவை, பூச்சி ஏதாவது உண்டா? சிட்டுக்குருவி, பட்டாம்பூச்சி என்று எழுதினாள். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்ததா? தேன்சிட்டு என்று சேர்த்தாள்.

அந்தத் தேன்சிட்டு நேரே கேல்கர் மேடம் கண்ணில் போய் விழுந்தது. தாராவியில் தேன்சிட்டா, நானே வந்து பார்க்கிறேன் என்று மேடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தாள். மகாதேவனும் வருகிறாராம்.

பூ இருந்தால்தானே தேன்சிட்டு வரும்? செம்பருத்தியில் ஒரு பூ தங்கவில்லை. விஜயராணி மீனாட்சியம்மாளிடம் போய் நின்றாள். ஒரு வாரம் மட்டும் பூப் பறிக்காதீர்கள் மதினி என்று கெஞ்சினாள்.

"ஏட்டி, சாமிக்கு இல்லாத பூவு குருவிக்கா?" என்றாள் மீனாட்சியம்மாள். அன்று முழுக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரை போய்ச் சாமிக்குப் பூ வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை மேடம் வந்தாள். குறுகிய மரப்படியில் கயிற்றைப் பிடித்து ஏறி, மாடியைக் கண்டதும் மராத்தியில் என்னவோ சொல்லி வாயில் கை வைத்தாள். மகாதேவன் பின்னால் வந்தார். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். ஒரு டப்பாவைத் தூக்கி அதன் மேல் இருந்த பெயிண்ட் பெயரைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

கால் மணி நேரம் ஆயிற்று. தேன்சிட்டைக் காணோம். பட்டறையில் தைக்கிற ராஹில் ஒரு உபகாரம் செய்ய நினைத்தான். டிரம்முக்குப் பின்னால் தன் போனை ஒளித்து வைத்து, தேன்சிட்டு கூவுகிற வீடியோவைத் தட்டிவிட்டான். முதலில் விளம்பரம் வந்தது. முடி கொட்டுகிறதா என்று ஒரு பெண் இந்தியில் உரக்கக் கேட்டாள். மேடம் திரும்பிப் பார்த்தாள். ஹனீப் பாய் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் குருவிச் சத்தம் வந்தது.

தன் பேட்டையில் இன்னொருவன் கூவினால் தேன்சிட்டுக்குப் பொறுக்காது. கட்டைவிரல் அளவில் கருநீலமாக ஒன்று எங்கிருந்தோ பாய்ந்து வந்து டிரம்மைச் சுற்றிச் சண்டை போட்டது. எதிரியைக் காணாமல் களைத்துப்போய், செம்பருத்திக்குள் மூக்கை விட்டுக் குடிக்க ஆரம்பித்தது. மேடம் படமாக எடுத்துத் தள்ளினாள். இருக்கிற தாள்களிலேயே இதுதான் முதல், நிரந்தரத்துக்கு உன் பெயரை நானே மேலே அனுப்புகிறேன் என்று விஜயராணியின் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

மகாதேவன் காரில் ஏறவில்லை. வீட்டுக்குக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தார். கேட்டது கிடைத்தாயிற்று, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே? விஜயராணியால் முடியவில்லை. இந்த நிரந்தரத்தை வாங்கிக்கொண்டால், ஒரு நாள் சோறு இறங்காதது போய் ஆயுசுக்கும் இறங்காது என்று தோன்றியது. ஓட்டமும் நடையுமாகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், அந்த 417 பொய். நான் டிக் போட்டப்ப அங்க ஒரு இலைகூடக் கெடையாது. பாக்காமலே போட்டேன். மேடத்துகிட்ட நீங்களே சொல்லிருங்க."

மகாதேவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். நாலு வருஷத்தில் அன்றுதான் அவள் அவர் குரலைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? யார் பாக்காம டிக் போடறான்னு கண்டுபிடிக்க, ஒவ்வொரு தாள்லயும் ஒரு பொய்த் திட்டை வரைஞ்சு வெக்கறவனே நான்தான். 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை எழுதித் தப்பிச்சுக்கோன்னு மூணு தடவை கேட்டேன். நீ என்னடான்னா தேன்சிட்டையே கூட்டிண்டு வந்து நிறுத்திட்டே, இப்ப நான் எதைம்மா தப்புன்னு அடிக்கறது?"